ரத்தமில்லை, வெறும் ஒயின்

நாலு பாட்டிலில் மூன்று பெட்டிக்குள்ளேயே நொறுங்கிப் போயிருந்தன. மிச்சமிருந்த ஒன்றை ஏட்டு ஐயாக்கண்ணு திருகித் திறந்தார். புஸ்ஸென்று பொங்கிய வேகத்தில் அவருடைய மீசை, சட்டை, சட்டைப்பையிலிருந்த பேனா எல்லாம் சிவப்பாகிவிட்டன. அவர் நாக்கை நீட்டி மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"ரத்தமில்லீங்க ஐயா, ஒயினு. நல்லாத்தான் இருக்குது."

ஸ்டேஷனே சிரித்தது. காலையிலிருந்து ரத்தம் ரத்தம் என்று அலறி, லக்கேஜ் கடைக்காரருக்கு மயக்கம் வந்து, தெருவே கூடி வேடிக்கை பார்த்த பெட்டி அது. சிரிக்கத்தானே செய்வார்கள்? நானும் சிரித்தேன். சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். என் முதலாளியம்மா கலாவதி.

கலாவதி மேடம் முப்பது வருடம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து அடுத்தவர் பெட்டியைக் கிளறியவர். ஓய்வு பெற்றதும் சேலத்தில் ஒரு மாவுக்கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் சுப்பிரமணி. பத்து வருடம் இன்சூரன்ஸ் விற்று, சாவைப் பற்றிப் பேசிப் பேசியே சொந்தக்காரர்களை விரட்டிவிட்டு, இவரிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தேன். வாய் பொய் சொல்லும், பெட்டி சொல்லாது என்பது மேடத்தின் கட்சி. அன்றைக்கு அந்த நீலப் பெட்டியை அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களை அங்கே கூட்டி வந்தது சாந்தாமேரி. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டம் உள்ள குடும்பம். அவளுடைய அக்கா ரூபி, சென்னையில் கட்டிக்கொடுத்தவள், கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். பண்டிகை முடிந்து இரண்டாம் நாள் காலையில் ஊர் திரும்பக் கிளம்பியவள் போய்ச் சேரவில்லை. அவளுடைய செல்போன் கடைசியாகச் சேலத்தில் சிக்னல் காட்டி அணைந்துவிட்டது. இன்று பெட்டி கிடைத்தது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பயணிகளின் பெட்டிகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் லக்கேஜ் கடையில், மூன்று நாளாகச் சாக்கு சுற்றி மூலையில் கிடந்து. செல்போனும் அதற்குள்ளேயே ஒயினில் ஊறிக்கிடந்தது.

பழி விழுந்திருந்தது அண்ணன் பென்னியின் மேல். பண்டிகையன்று அவனும் ரூபியும் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டார்கள். ரூபி கிளம்பிய அன்று அவன் மிளகு விற்கச் சேலம் வந்திருந்தான். பெட்டியைக் கடையில் வைத்துப் போனது குல்லா போட்ட ஒரு ஆண் என்று கடைக்காரர் சொன்னார். டிசம்பரில் மலையிலிருந்து இறங்கும் ஆண்களில் குல்லா போடாதவன் யார் என்று நான் கேட்டேன். என்னை யார் மதிக்கிறார்கள்? சாயங்காலம் பென்னியை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி உள்ளே தள்ளுவதாக இன்ஸ்பெக்டர் பாலசுப்பிரமணியம் முடிவு செய்திருந்தார்.

ஆனால் ஒயின் என்று தெரிந்த அந்த நிமிடம் சாந்தாமேரியின் முகத்தில் வேறொன்று தெரிந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

"ஏனுங்க சார், ரத்தமில்லைன்னா எங்கக்கா உசுரோடதானுங்க இருப்பா?"

"ரத்தமில்லையேம்மா, அப்புறமென்ன. தேடிப் புடிச்சர்லாம்" என்றார் இன்ஸ்பெக்டர், சிரிப்பு அடங்காமலே.

அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ஊருக்குப் போனதும் மொதல் வேலையா மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணுமுங்க."

கலாவதி மேடம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏட்டு திறப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டிலிலிருந்து தாமே உரித்தெடுத்த டேப்பை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். இப்போது பெட்டிக்குள் குனிந்தார்.

"சுப்பிரமணி, எப்படிக் கட்டியிருக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சாக்ஸ். அதன் மேல் துண்டு. துண்டுக்கு மேல் கண்ணாடித் தாள் சுற்று. கழுத்தில் டேப். நாலையும் பெட்டியின் நட்ட நடுவில் வைத்து, சுற்றிலும் சேலைகளை அடைத்து, ஓரத்தில் செருப்புகளைச் சுவர் மாதிரி நிறுத்தியிருந்தது.

"இவ்வளவு பத்திரமா எங்கம்மா என்னையே தொட்டில்ல போட்டிருக்க மாட்டாங்க மேடம்."

"நொம்ப நல்லாக் கட்டியிருக்குது. இல்லீங்களா?"

"அதுக்கு ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கறீங்க?"

"நல்லாக் கட்டின பாட்டில் ஏன் ஒடஞ்சுது?"

"யாராச்சும் தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டிருந்தா பெட்டி மூலை நசுங்கியிருக்கும். கீறல்கூட இல்லீங்க. பாட்டில் வெளிய இருந்து ஒடையல, உள்ள இருந்து ஒடஞ்சிருக்குது. ஏட்டு மீசையைப் பாருங்க. இது கடையில வாங்குன ஒயின் இல்ல, ஊட்டுல போட்டது. அது பாட்டிலுக்குள்ள இன்னும் வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கும்." மேடம் நிமிர்ந்தார். "அது வழியிலயே வெடிச்சிருந்தா, பெட்டி வந்த வண்டியும் நனைஞ்சிருக்குமில்ல?"

"ரூபி பஸ்ல வந்திருக்கறா மேடம். அவ ஊட்டுக்காரர் சொன்னாரு."

"பெட்டியும் பஸ்லதான் வந்துச்சான்னு பாத்துட்டு வர்றோம். அதுவரைக்கும் பென்னியக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாதீங்க சார்."

"சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் ஓட்ட, மேடம் பக்கத்தில் உட்கார, சாந்தாமேரி பின்னால் உட்கார்ந்து வந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு எப்போதும் ஆகாது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். அவளோ வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். சண்டை எதற்கு என்று கேட்டேன்.

"அக்கா கையில காயம் இருந்துச்சுங்க. சூடு வெச்ச மாதிரி. கேட்டா குக்கர் பட்டுருச்சுன்னா. அண்ணனுக்குப் புரிஞ்சுபோச்சு. இனி அந்தாளோட போகாத, இங்கியே இருந்துக்கன்னு கத்துனான். சென்னையில மாமியார்கிட்ட உட்டுட்டு வந்த புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, போகாம என்ன பண்றதுன்னு அக்கா கத்துனா. அதுதானுங்க சண்டை. எங்கண்ணன் கோவக்காரன்தான். ஆனா அவமேல ஈ ஒக்காந்தாக்கூடத் தாங்க மாட்டான்."

"சண்டைக்கு அப்புறம்?"

"மாமா வந்து சமாதானம் பண்ணுனாருங்க. தப்பு என்மேலதான், ரெண்டு நாள் நாங்க தனியா இருந்து பேசிக்கிறோம்னு சொல்லி, எஸ்டேட் ஓரத்துல ஒரு காட்டேஜ் எடுத்துக் கூட்டிட்டுப் போனாரு. அக்காவும் போனா. மூணாம் நாள் காலையில மாமா மட்டும் வந்தாரு. விடியறதுக்குள்ள கோவிச்சுட்டு எந்திரிச்சு பஸ் ஏறிட்டா, நான் தூங்கிட்டிருந்தேன், எப்பப் போனான்னே தெரியலைன்னாரு. பாவம், அன்னைக்குப் பூரா கோயிலு, ஏரி, கடைத்தெருன்னு பைத்தியக்காரன் மாதிரி அவளைத் தேடி அலைஞ்சாரு. இப்ப எங்க ஊட்டுலதான் இருக்கறாரு. நான்தான் சோறு போடறேன்."

மாமா என்று அவள் சொன்னது ரூபியின் கணவன் ஜெப்சன். உல்லாசக் கப்பலில் சாப்பாட்டு மேஜைக்கு ஒயின் ஊற்றும் வேலை. அவன் அன்று முழுக்க ஏற்காட்டில் இருந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். சேலத்தில் நடந்த காரியத்துக்கு ஏற்காட்டில் இருந்தவனை எப்படிப் பிடிப்பது? அதனால் போலீஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏற்காடு கடைத்தெருவில் சாந்தாமேரி இறங்கிக்கொண்டாள். மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று, இருப்பதிலேயே பெரிய மெழுகுவத்தியாகக் கேட்டு வாங்கினாள். அவள் குகை மாதிரிக் கட்டிய அந்தக் கெபிக்குள் போய் மண்டியிடுவதை மேடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜீப் ஸ்டாண்டைக் காட்டினார்.

"எந்த ஜீப்புல எறும்பு மொய்க்குதுன்னு பாத்துட்டு வாங்க."

"எதுல?"

"திராட்சை, சக்கரை. தண்ணி ஊத்திக் கழுவுனா செகப்பு போயிரும். இனிப்பு போகாது."

பத்து வருடம் இன்சூரன்ஸ் விற்றவனுக்கு எறும்பு தேடுகிற உத்தியோகம். ஒவ்வொரு ஜீப்புக்குப் பின்னாலும் குனிந்து எட்டிப் பார்த்தேன். டிரைவர்கள் டீயோடு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க, என்னத்தத் தொலைச்சீங்க?"

"எறும்புங்க."

"அப்ப நீங்க அம்மாசியத்தான் பாக்கோணும்" என்று ஒருவர் கையை நீட்டினார். "அவன் வண்டியில எறும்பு குடும்பமே நடத்துது. மூணு நாளாக் கழுவறான், போவனாங்குது."

கடைசி ஜீப்பில், பின்சீட்டுக்கு அடியில், ரப்பர் விரிப்பின் ஓரமாகக் கறுப்பாய் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. விரிப்பைத் தூக்கினேன். புளித்த வாடை அடித்தது. துடைக்கிற துணியோடு நின்ற அம்மாசிக்கு ஐம்பது வயதிருக்கும். மலையில் சாமையும் காப்பியும் வைத்து, மிச்ச நேரத்தில் வண்டி ஓட்டுகிற மனுசன். விரிப்பு என் கையில் இருப்பதைப் பார்த்ததும் துணியைக் கீழே விட்டுவிட்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க சாமி."

கலாவதி மேடம் வந்து முன்சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்தார். "தெரியுமுங்க. அது ரத்தமில்லை, ஒயினு. பயப்படாம சொல்லுங்க. பெட்டி எங்க ஏறுச்சு?"

ஒயின் என்றதும் அம்மாசிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக அந்த மனுசன் ஒரு பொணத்தை ஏற்றிப் போனதாக நினைத்துச் சோறு தின்னாமல் இருந்திருக்கிறார்.

"கொட்டச்சேடு வளைவுலீங்க. காலையில ஒரே பனி. குல்லாவும் மப்ளரும் சுத்துன ஆளு ஒருத்தரு கையைக் காட்டுனாரு. சம்சாரம் முன்னால பஸ்ஸுல போயிட்டா, பெட்டிய வெச்சுட்டுப் போயிட்டா, லக்கேஜ் கடையில குடுத்துருங்க, அவ வந்து எடுத்துக்குவான்னாரு. மொகம் தெரியலீங்க. பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு இல்ல."

"கூட பொம்பளை யாராச்சும்?"

"இல்லீங்க. பெட்டி மட்டுந்தான்."

"எங்க வெடிச்சுது?"

"பாதி மலை எறங்குனதும் வெயில் வந்துச்சுங்க. டொப்புனு ஒரு சத்தம். டயருன்னு நெனச்சு எறங்கிப் பாத்தா, பெட்டியில இருந்து செகப்பா ஒழுகுது. கீழ தள்ளிட்டுப் போயிர்லாமான்னு நெனச்சேன். உள்ள மனுசன் இருந்தா என்ன பண்றது? மறுபடி ரெண்டு சத்தம். எங்க மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்டுட்டு, சாக்கைச் சுத்தி, குல்லாவ எறக்கி உட்டுட்டு, கடையில வெச்சிட்டு ஓடியாந்துட்டேனுங்க."

ஆக, கடைக்காரர் பார்த்த குல்லா இவருடையது. மேடம் அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் பெட்டியை ஏற்றிவிட்டவனே பென்னியாக இருக்கலாமே, குரலை மாற்றிப் பேசியிருப்பான் என்றார் அவர். அந்த ஆளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

"சரிங்க சார். நீங்க மலைக்கு வாங்க. வரும்போது பென்னியையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பெட்டி தனியா எறங்கியிருக்குது, சுப்பிரமணி."

"அப்ப ரூபி எறங்கவே இல்லையா?"

மேடம் கெபிப் பக்கம் பார்த்தார்.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ரூபி சேலத்துக்குப் போனாள் என்ற கணக்கில்தான் சேலத்தில் இருந்த பென்னி மாட்டினான், ஏற்காட்டில் இருந்த ஜெப்சன் தப்பித்தான். அவள் மலையை விட்டு இறங்கவே இல்லையென்றால்? அன்று முழுக்க ஏற்காட்டிலேயே இருந்தேன், பத்துப் பேர் பார்த்தார்கள் என்று மார்தட்டியவன் அல்லவா அவன்?

கெபியிலிருந்து சாந்தாமேரி வந்துகொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"இவளுக்கு இப்பவே சொல்லிரலாம் மேடம்" என்றேன்.

"சொன்னா அழுவா. ஊட்டுக்குப் போனதும் அவன் மொகத்தைப் பாப்பா. அவன் சுதாரிச்சுக்குவான். பென்னி உள்ள போயிருவான்."

"அதுக்காக இப்படியேவா கூட்டிட்டுப் போறது? இது கொடுமை."

"கொடுமைதான். வண்டிய எடுங்க."

கொட்டச்சேட்டில் அவர்கள் வீடு தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. முன்னறையில் கிறிஸ்துமஸ் குடிலை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நாற்காலியில் ஜெப்சன் இருந்தான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண், காலடியில் சாப்பிட்டு வைத்த தட்டு. பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். எனக்கும் வந்தது, அதுதான் இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?" என்றான்.

"பெட்டி கெடச்சுருச்சு தம்பி. ரத்தம்னு பயந்தோம், ஒயின்தான்" என்றார் மேடம். "பாட்டிலெல்லாம் ஒடஞ்சு நாசம்."

"ஐயோ" என்றான். "நான் அந்தப் பெட்டியக் கண்ணால கூடப் பார்க்கல மேடம். தூங்கிட்டேன். முழிச்சிருந்தா விட்டிருப்பேனா?"

"விதிங்க." மேடம் பெருமூச்சு விட்டார். சாந்தாமேரியைப் பார்த்து, "கண்ணு, ஜாடியில ஒயின் மிச்சம் இருக்குதா? சென்னையில எந்தங்கச்சிக்கு ஒரு நாலு பாட்டில் கொண்டுபோகணும். காசு குடுத்தர்றேன்" என்றார்.

"காசெல்லாம் எதுக்குங்க" என்று அவள் உள்ளே போய் நாலு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு டீ போடப் போனாள்.

மேடம் பாட்டில்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இத ஒடையாமக் கொண்டுபோய்ச் சேக்கணுமே. ஏர்போர்ட்டுல நான் தொறந்த பெட்டியில பாதி ஒடஞ்ச பாட்டில்தான். நீங்க கப்பல்ல ஒயின் பாத்துக்கறவராமே தம்பி. ஊருக்கு வர்றப்ப எப்படித்தான் கொண்டு வருவீங்க?"

கெட்டவனானாலும் தொழில் பெருமை யாரை விட்டது? அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"சிம்பிள் மேடம். கண்ணாடி கண்ணாடியத் தொடக் கூடாது, காத்து உள்ள போகக் கூடாது. ரெண்டே விஷயம். சாக்ஸ் இருக்கா? துண்டு? நான் ஐரோப்பாவுலேருந்து கொண்டாந்திருக்கேன். இன்னி வரைக்கும் ஒரு பாட்டில் உடைஞ்சதில்ல."

சாக்ஸ், துண்டு, கண்ணாடித் தாள், டேப் எல்லாம் மேடத்தின் கைப்பையிலிருந்து வந்தன. எப்போது வாங்கினார் என்று எனக்கே தெரியாது. ஜெப்சன் ஒரு பாட்டிலை எடுத்து மூடியை முழுப் பலத்தோடு திருகி இறுக்கினான். சாக்ஸை மாட்டினான். துண்டைச் சுற்றினான். கண்ணாடித் தாளை இழுத்துச் சுற்றினான். கழுத்திலும் மூடியிலுமாக டேப்பை ஓட்டி, வெட்டி, முனையை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து, பிடித்து இழுக்க வசதியாகக் குட்டிக் காது மாதிரி விட்டான். அவன் விரல்கள் தாமாகவே செய்தன.

காலையில் மேடம் அந்தப் பாட்டிலிலிருந்து டேப்பை உரித்தபோது அவர் பிடித்து இழுத்தது இதே மாதிரி ஒரு காதைத்தான்.

"அந்த மடிப்பு எதுக்கு தம்பி?"

"கப்பல்ல பழக்கம். அவசரத்துல உரிக்கணும்ல."

அப்போது சாந்தாமேரி டீத் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தவள், மேஜை மேலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அவளாகவே எடுத்தாள். அடுப்பில் பொங்குகிற பாலை இறக்குகிற மாதிரிதான், யோசித்துச் செய்யவில்லை. டேப்பை உரித்து, மூடியை ஒரு திருகு தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியது.

"என்ன மாமா, இப்படி இறுக்கிட்டீங்க. ஊட்டு வைனுங்க இது, மூச்சு உடோணும். குளிருக்குள்ள சும்மா இருக்கும், சேலத்து வெயில் பட்டா வெடிச்சிரும். எங்கூட்டுல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே. அக்கா உங்களுக்குச் சொன்னதில்லீங்களா? அவ பெட்டியிலயே வெக்க மாட்டா. வாய்க்குத் துணியக் கட்டி, ஒயர் கூடையில போட்டு, மடியில வெச்சுத்தான்..."

அவள் நிறுத்திவிட்டாள். கை இன்னும் மூடியின் மேல் இருந்தது.

"காலையில பெட்டியிலதானுங்களே இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "கூடையில எடமில்லாமப் பெட்டியில வெச்சிருப்பான்னு மனசத் தேத்திக்கிட்டேன். அதுல மூடி எப்படிங்க இருந்துச்சு?"

மேடம் கவரிலிருந்து பழைய டேப்பை எடுத்து, ஜெப்சன் ஒட்டிய புது டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே காது, ஒரே மடிப்பு.

"இப்படித்தான் கண்ணு."

ஜெப்சன் எழுந்துவிட்டான். கெட்டிக்காரன், சும்மா விழவில்லை. "ஆமா, நான்தான் பேக் பண்ணேன். முந்தின நாள் சாயங்காலம். அவதான் கேட்டா, பண்ணிக் குடுத்தேன். பொண்டாட்டிக்குப் பேக் பண்ணிக் குடுக்கறது குத்தமா?"

"பெட்டியக் கண்ணால பாக்கலைன்னீங்களே தம்பி, இப்பத்தான்."

"பயத்துல சொல்லிட்டேன். அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவ முன்னாடிதான் பண்ணேன்."

"இல்ல" என்றாள் சாந்தாமேரி.

அவள் அழவில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"அக்கா கண்ணு முன்னால யாராச்சும் இந்த மூடிய இறுக்குனா, கையத் தட்டி உட்டுருப்பா. எந்தக் கோவத்துல இருந்தாலும் உட்டுருக்க மாட்டா. நீங்க இறுக்கறப்ப அவ பாத்துட்டு இல்ல மாமா. அவளால பாக்க முடியல."

ஜெப்சனுடைய கண் ஜன்னலுக்குப் போய், அங்கே நிற்காமல் உடனே திரும்பியது. போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம். ஜன்னலுக்கு வெளியே, தோட்டத்தைத் தாண்டி, அந்தக் காட்டேஜின் ஓட்டுக் கூரை தெரிந்தது. அதற்குப் பின்னால் காப்பிப் பழம் உரிக்கிற மெஷின் கொட்டகை. உரித்த தோலை நாள்தோறும் கொட்டிக் கொட்டி நிரப்புகிற பெரிய குழி. அறுவடைக் காலம், ஊரெல்லாம் புளித்த வாடைதான். அந்த வாடைக்குள் எதைப் போட்டாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

வாசலில் போலீஸ் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. அவன் ஓடப் பார்க்கவில்லை. நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, "வரமாட்டேன்னுட்டா. அண்ணன் சொன்னதுதான் சரி, நான் இங்கயே இருந்துக்கறேன்னு சொன்னா" என்றான். ஏதோ அவனுக்கு அநியாயம் நடந்துவிட்ட மாதிரி சொன்னான். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் அறைந்திருப்பேன்.

குழியை வெட்டத் தோட்டத்து ஆட்களே மண்வெட்டியோடு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் பாலசுப்பிரமணியம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் சிரித்த ஏட்டு ஐயாக்கண்ணு தலையைத் திருப்பிக்கொண்டார், சட்டையில் அந்தச் சிவப்புக் கறை அப்படியே இருந்தது. வெகு நேரம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. முதலில் வந்தது ஒரு ஒயர் கூடை.

பென்னியின் கையிலிருந்த விலங்கைக் கழற்றிவிட்டார்கள். அவன் குழிப் பக்கம் நடந்தான். என்ன நடந்தது என்று வழியில் யாரோ சொல்லியிருந்தார்கள். ரூபி கடைசியில் அண்ணன் பேச்சைக் கேட்டாள் என்பதையும் சொல்லியிருந்தார்கள். அவன் குழி ஓரத்தில் உட்கார்ந்து, "நான் சொல்லாம இருந்திருக்கோணும்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட வந்தார். பிறகு தொடாமல் போய்விட்டார்.

சாந்தாமேரியைக் குழிக்கு வர விடவில்லை. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கலாவதி மேடம் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"உங்களுக்குக் காலையிலயே தெரியுமுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும் கண்ணு."

"அவிய எல்லாரும் சிரிச்சப்பவே?"

"ஆமா கண்ணு."

நான் மேடத்தின் மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அதை எங்கே காட்டுவது? காரைத் திருப்பிவிட்டு வரலாம் என்று சாவியை எடுத்தேன்.

"ஏனுங்க, நீங்க கடைத்தெருப் பக்கம் போறீங்களா?" சாந்தாமேரி என்னைத்தான் கேட்டாள். "நான் ஏத்துன மெழுகுவத்தி இன்னும் எரிஞ்சுட்டுத்தானுங்க இருக்கும். பெருசு அது. அக்கா உசுரோட இருக்கறான்னு நன்றி சொல்லி ஏத்திட்டேன். போயி அணைச்சர்றீங்களா?"

சரி என்றேன்.

கெபிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. ஆள் யாருமில்லை. மாதாவின் காலடியில் அதே மாதிரிப் பெரிய மெழுகுவத்திகளே நிறைய எரிந்துகொண்டிருந்தன. அதில் சாந்தாமேரி ஏற்றியது எது என்று எனக்குத் தெரியவில்லை.